கல்லுக்கும் கணக்கு உண்டு!

ராத்திரி ரெண்டு மணி. வலது இடுப்பில் யாரோ கடப்பாரை போட்டு நெம்பினார்கள். புரண்டேன், உருண்டேன், தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டாள். சாமிகளைவிட ஆட்டோ சீக்கிரம் வந்தது.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, "அஞ்சு மில்லிமீட்டர் கல்லு. தானா இறங்கிடும். தண்ணி குடிப்பீங்களா?" என்றார்.

"மார்ச் மாசம் ஸார்..." என்று இழுத்தேன். அப்போது நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்தில் அடிக்கடி எழுந்து போனால் மேனேஜர் முறைப்பார். அதனால் தண்ணீரையே நிறுத்திக்கொண்ட புத்திசாலி நான்.

"கல்லுக்கு வேண்டிய சரக்கு எல்லார் சிறுநீர்லயும் இருக்கு. அதைக் கட்ட விடாம தடுக்கிற ஆளுங்களும் உள்ளேயே இருக்காங்க. தண்ணி குறைஞ்சா சரக்கு ஜாஸ்தியாகி, அவங்க தோத்துடுவாங்க" என்றார் டாக்டர்.

யார் அந்த ஆளுங்க? பி.காம். படித்தவனுக்கு ஊசி போட்ட மயக்கத்திலும் இந்தச் சந்தேகம் போகவில்லை. ஒரு மாசம் புத்தகமும் கையுமாக அலைந்தேன். தெரிந்துகொண்டது இதுதான்.

கால்சியம் பிளஸ். ஆக்ஸலேட் மைனஸ். வரவும் செலவும் மாதிரி ரெண்டும் ஜோடி சேர்ந்தால் படிகம். படிகம் வளர்வது சினிமா டிக்கெட் க்யூ நீள்கிற மாதிரி. புதிதாக வருகிறவர் வால் பக்கத்தில்தான் ஒட்டிக்கொள்ள முடியும். அந்த வாலில் ஒரு தடியன் கையை அகட்டிக்கொண்டு நின்றுவிட்டால்? க்யூ நகராது. அந்தத் தடியன்தான் பாலிமர், அதாவது ஒரே மாதிரிக் கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலி மூலக்கூறு. சிறுநீரில் சில புரதங்கள் இந்த வேலையைப் பார்க்கின்றன.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு பேர்வழி ராமநாதபுரம் கடலில் இருக்கிறது. மண்டபம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கிற கட்டக்கோரை, பக்கோடா பாசி இரண்டிலிருந்தும் ஆல்ஜினேட் என்ற பாலிமர் கிடைக்கிறது. பல் டாக்டர் அச்சு எடுக்க வாயில் அப்புகிறாரே ஒரு கொழகொழப்பு, அது இதுதான். சங்கிலி நெடுக கார்பாக்ஸில் என்ற மைனஸ் கைகள். கால்சியத்தைக் கண்டால் விடாது. இரண்டு சங்கிலிகள் நடுவே கால்சியம், அட்டையில் அடுக்கிய முட்டை போல உட்கார்ந்துகொள்ளும். 1973-ல் விஞ்ஞானிகள் இதற்கு 'முட்டைப் பெட்டி' என்றே பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் வேடிக்கை. நீரில் கரைந்து திரியும்போது இந்தச் சங்கிலி படிகத்தின் மேல் ஒட்டி வளர்ச்சியைத் தடுக்கும். அதையே ஜெல்லாக ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால், அதன் மேல் கால்சியம் வரிசை கட்டி உட்கார, படிகம் அங்கேயே பிறக்கும்! வெளியே நின்றால் வாட்ச்மேன், உள்ளே உட்கார்ந்தால் மருத்துவச்சி. கால்சியம் கார்பனேட்டைச் சாக்குக்கட்டியாகவும் கட்டலாம், முத்தாகவும் கட்டலாம். சிப்பி முத்தாகக் கட்டுவது, தன் பாலிமர்களை வைத்துத்தான்.

அடுத்தது கார்பன் நானோ குழாய். ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-ல் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. கரி அணுக்களைத் தாளாக்கிச் சுருட்டின மாதிரி, தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியது. சும்மா இருந்தால் தண்ணீரோடு சேராது. அமிலத்தில் போட்டு எடுத்தால் உடம்பெல்லாம் அதே கார்பாக்ஸில் கைகள் முளைக்கும். அப்புறம் பாசி மாதிரியே கால்சியத்தைப் பிடித்து, எலும்பில் உள்ள கனிமத்தைத் தன் மேல் வளர்க்கும். உடைந்த எலும்பில் சாரம் கட்ட இது உதவுமா என்று ஆராய்கிறார்கள். அவசரப்பட முடியாது. நீளமான சில ரகக் குழாய்கள் எலிகளின் உடம்பில் ஆஸ்பெஸ்டாஸ் போலப் புண்ணாக்கியதை 2008-ல் பார்த்துவிட்டார்கள்.

சரி, என் கல் என்ன ஆச்சு? மூன்றாம் நாள் காலையில் 'டிங்' என்று பீங்கானில் விழுந்தது. இத்தனூண்டு! ஒரு மிளகு அளவுதான். இதற்கா அத்தனை அலறல் என்று மனைவி பார்த்த பார்வை, கல்லைவிடக் குத்தியது.

டாக்டர் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். பொட்டாசியம் சிட்ரேட். விசாரித்தால், சிட்ரேட்டிலும் மூன்று கார்பாக்ஸில் கைகள்! பாசியின் ஒன்றுவிட்ட தம்பி. எலுமிச்சம்பழத்திலும் அவரே இருக்கிறார். அதற்காக யாரும் கடல்பாசியை அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அயோடின் தைராய்டைக் குழப்பிவிடும். ஒருமுறை கல் வந்தவர்களுக்கு டாக்டர்கள் சொல்கிற கணக்கு சுலபம்: ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர்.

மறுநாள் மேஜை மேல் ஒரு பெரிய பாட்டிலை வைத்தேன். மூன்றாவது தடவை எழுந்தபோது மேனேஜர் கேட்டார்: "என்னப்பா, அடிக்கடி எங்கே போறே?"

"பேலன்ஸ் ஷீட்டை டேலி பண்ண ஸார்" என்றேன்.

அடுத்த வாரம் அவர் மேஜையிலும் ஒரு பாட்டில் இருந்தது. என்னுடையதைவிடப் பெரிசு.