சித்திரை மழையும் அதன்பின் வரும் வறட்சியும்
மன்னார்த் தீவு, கரையோரக் கமக்காரருக்கான கோடைக்கால வானிலைக் குறிப்பு

மன்னார்ப் பகுதியில் பங்குனி தொடக்கம் ஆனி வரையுள்ள மாதங்கள் ஆண்டின் மிக வெப்பமான காலமாகும். எவ்வளவு நிலத்தில், எப்பயிரை, எந்நாளில் விதைப்பது என இக்காலத்தில் எடுக்கப்படும் தீர்மானமே சிறுபோகத்தின் இலாப நட்டத்தை நிர்ணயிக்கின்றது. பின்னர் மழை வரும் என்னும் நம்பிக்கையில் விதைக்கப்பட்ட வயல், பயிர் பாதி வளர்ந்த நிலையிற் காயுமாயின், விதை, உழவுகூலி, பசளை யாவும் ஒருங்கே இழக்கப்படும். ஆகவே இக்காலத்து வானிலையின் இயல்பைக் கமக்காரர் நன்கறிந்திருத்தல் அவசியமாகும்.

வானிலையின் போக்கு

மன்னாரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 1,000 மில்லிமீற்றரை, அதாவது 40 அங்குலத்தை, ஒட்டியதேயாகும். அதிலும் அரைப்பங்குக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்துவிடுகின்றது. பங்குனி, சித்திரை மாதங்களிற் பருவக்காற்றுகள் ஓய்ந்திருக்க, ஏப்பிரல் 5 முதல் 15 வரையுள்ள நாட்களிற் சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக நிற்கின்றது. பகலிற் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்று முகிலாகத் திரண்டு, பிற்பகலில் இடி மின்னலுடன் மழையாகப் பெய்கின்றது. இம்மழை எங்கும் ஒரே அளவாகப் பெய்வதன்று. முருங்கனில் வயல் நனைந்த நாளிலே பேசாலையில் ஒரு தூறலும் விழாதிருக்கலாம்.

வைகாசி மாதத்திலே தென்மேற்குப் பருவக்காற்றாகிய சோழகம் எழும்புகின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் இக்காற்று மோதி மேலெழுவதாலேயே அங்கு பெருமழை உண்டாகின்றது. மன்னாரோ சமதரையாகும், காற்றை மேலெழச் செய்யும் மலை இங்கு இல்லை. எனவே ஆனி, ஆடி மாதங்களில் மாதமொன்றுக்கு ஓரங்குல மழை கிடைப்பதும் அரிது. மாறாகக் காற்றும் வெயிலும் சேர்ந்து மண்ணின் ஈரத்தையும் குளத்தின் நீரையும் உறிஞ்சுகின்றன. இத்தகைய நாட்களில் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிமீற்றர் வரை நீர் ஆவியாகின்றது. 5 மில்லிமீற்றர் சிறிதெனத் தோன்றினும், ஓர் ஏக்கரில் அது 20,000 லீற்றருக்கு மேற்பட்ட நீராகும்.

முன்னறிவிப்பை விளங்கிக்கொள்ளல்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால முன்னறிவிப்பு, மழை சாதாரண அளவிலும் கூடுமா, குறையுமா, ஒத்திருக்குமா என்பதையே கூறுகின்றது. மன்னாரில் ஆனி, ஆடி மாதங்களின் சாதாரண அளவே மிகச் சொற்பமானது. ஆகவே "சாதாரண அளவிலும் கூடிய மழை" என்று கூறப்பட்டாலும் அது குளத்தை நிரப்பும் மழையன்று. சிறுபோக நெல்லுக்கு அம்மழையை நம்புதல் தகாது. குளத்தில் உள்ள நீரும், சித்திரையிற் பெய்யும் மழையுமே கணக்கில் எடுக்கத்தக்கன.

2016 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் மழை பிழைத்தமையால் வறண்ட பிரதேசத்துக் குளங்கள் பல நிரம்பவில்லை. அதன் விளைவாக 2017 ஆம் ஆண்டில் இலங்கையின் நெல் உற்பத்தி முந்திய ஆண்டிலும் பார்க்க 46 சதவீதம் குறைந்து, ஏறத்தாழ 24 இலட்சம் மெற்றிக் தொன்னாயிற்று. கோடையின் இடர் கோடையில் தொடங்குவதில்லை. மார்கழியிற் குளத்தின் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போதே அது தொடங்கிவிடுகின்றது.

குளமும் விதைப்பு நிலமும்

தாதுசேன மன்னன் காலத்தது எனக் கூறப்படும் கட்டுக்கரைக்குளம், தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்படும் அருவியாற்றின் நீரைப் பெறுகின்றது. இக்குளம் பரந்தது, ஆழம் குறைந்தது. ஆகையால் ஆவியாதலால் ஏற்படும் நட்டமும் பெரிது. சிறுபோகக் கூட்டத்தில் நீரின் அளவுக்கேற்ப நிலப்பரப்பு தீர்மானிக்கப்படும்போது, அதற்கு மேல் ஓர் ஏக்கரேனும் விதைத்தல் அயலவரின் பயிருக்கும் கேடாகும். குறைந்த நிலத்தைப் பங்கிட்டு, முழு விளைவு பெறுதலே சிறந்தது.

நெற்செய்கை

1. முருங்கன் பகுதியின் கருங்களிமண் காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். வெடிப்புகளை நிரப்பவே பெருமளவு நீர் வீணாகும். ஆகவே காலபோக அறுவடை முடிந்ததும், ஈரம் உள்ளபோதே மேலுழவு செய்தல் வேண்டும்.

2. இரண்டரை மாதத்தில் விளையும் பி.ஜி. 250 போன்ற குறுகிய வயதினங்களைத் தெரிந்து, சித்திரை நடுப்பகுதிக்குள் விதைப்பை முடித்தல் நன்று. உவர்த்தன்மை உள்ள வயல்களுக்கு அதைத் தாங்கும் ஏ.ரி. 354 ஏற்றது, அது மூன்றரை மாத இனமாதலால் நீர் உறுதியாக உள்ள இடத்தில் மாத்திரம் விதைத்தல் வேண்டும்.

3. பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு மேற்படின் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் வயலில் நீர் வற்றவிடலாகாது. நீரைச் சேமிக்க வேண்டுமாயின் மற்றைப் பருவங்களிற் சேமித்தல் வேண்டும்.

4. நீர் போதாத வயல்களிற் பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றைப் பயிரிடலாம். இவற்றுக்கு நெல்லுக்கு வேண்டிய நீரில் அரைப்பங்கும் வேண்டியதில்லை. சித்திரை மழையின் ஈரத்தைக்கொண்டு நீர் தேங்காத மேட்டுநிலத்தில் எள்ளு விதைக்கலாம்.

மரக்கறிச் செய்கை

தீவின் மணல் நிலத்தில் நீர் நில்லாது. ஒரே முறையில் மிகுதியாக இறைப்பதிலும், சிறிது சிறிதாக அடிக்கடி இறைப்பதே பயன் தரும். அதிகாலையிலோ மாலையிலோ இறைத்தல் வேண்டும். நன்கு மக்கிய மாட்டெருவை இட்டு, செடியடியை வைக்கோலால் மூடினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். சோழகம் உப்புத் துளிகளைச் சுமந்து வருவதால், தோட்டத்தின் தென்மேற்குப் புறத்திற் பனையோலை வேலியோ கிளிசரியா வரிசையோ அமைத்தல் அவசியம். மிளகாய், கத்தரிச் செடிகளின் இலைகளை வாரந்தோறும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். வெண் ஈயும் சிற்றுண்ணியும் வறண்ட நாட்களிலேயே விரைவாகப் பெருகுகின்றன.

கிணற்று நீர்

தீவின் நன்னீர், மண்ணுக்கடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் ஓரடி தாழுமாயின், அடியிலுள்ள உவர்நீர் கணக்கின்படி 40 அடி வரை மேலேற இடமுண்டு. இயந்திரம் கொண்டு கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைப்போர் தம் கிணற்றைத் தாமே உவராக்குகின்றனர். காலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக, ஊறும் அளவுக்கே இறைத்தல் வேண்டும். இலை நுனியும் ஓரமும் கருகுவதும், பாத்தியில் வெண்பொருக்கு படிவதும் உவர் ஏறியதன் அறிகுறிகளாகும். அவை தோன்றின் நீரைப் பரிசோதிப்பித்து, பயிர்ப் பரப்பைக் குறைத்தல் வேண்டும்.

விதைக்குமுன் குளத்தின் நீர்மட்டத்தையும் கிணற்றின் ஊற்றையும் அளந்து பார்த்து, அவற்றுக்கு அடங்கிய நிலத்திலேயே விதைப்பவர் வறட்சியிலும் விளைவு காண்பர். மேலதிக விபரங்களை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் பெற்றுக்கொள்ளலாம்.