கறுப்புப் புள்ளி யாருடையது?

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்கு ஏறும்போது, குளிர் தட்டத் தொடங்கும் உயரத்தில் மரங்களின் நிறம் மாறிவிடுகிறது. சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஏதோ பட்டையை மூடியிருக்கும். பாசி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம். அது இலைக்கன். ஒரு பங்கசும் ஓர் அல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். அல்கா வெயிலில் சீனி செய்கிறது. பங்கசு இருக்க இடம் கொடுத்து ஈரத்தைக் காக்கிறது. செட்டிநாட்டுக் குழம்பில் விழும் கல்பாசியும் இந்தச் சாதிதான்.

வில்லையை வைத்துப் பார்த்தால் சில இலைக்கன்களின் மேல் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை இலைக்கன் தானே வித்தி உண்டாக்கும் உறுப்புகளாக இருக்கலாம். அழையாமல் குடிபுகுந்த வேறொரு பங்கசுடையவையாகவும் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலர் இங்கேதான் தடுமாறினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இலைக்கன் ஓர் இரட்டை உயிர் என்று சைமன் ஷ்வெண்டனர் 1867இல் அறிவித்தபோது, அதையே பலர் நம்பவில்லை. கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் பின்லாந்தின் வில்லியம் நைலாண்டர். வேடிக்கை என்னவென்றால், இலங்கை இலைக்கன்களைப் பட்டியலிட்ட முன்னோடிகளில் அவரும் ஒருவர். அந்தப் பட்டியல் அவர் இறந்த மறு ஆண்டு, 1900இல் வெளிவந்தது.

இலைக்கன்மேல் மட்டுமே வாழும் பங்கசுகளைப் பவுல் டீடெரிக், ஜேம்ஸ் லாரி, டேமியன் எர்ட்ஸ் மூவரும் 2018இல் தொகுத்தபோது எண்ணிக்கை 2,000ஐத் தொட்டிருந்தது. சில சாதுவானவை, இருப்பதே தெரியாது. சில, விருந்துவழங்கியைக் கொன்றே விடும். டிப்ளோஸ்கிஸ்டெஸ் மஸ்கோரம் என்ற பங்கசு செய்வது இன்னும் துணிச்சலான வேலை: கிளடோனியா என்ற இலைக்கனுக்குள் புகுந்து, அதன் அல்காவைத் தனதாக்கி, பிறகு அந்த அல்காவையும் கைவிட்டு வேறொன்றைச் சேர்த்துக்கொண்டு, தானே ஓர் இலைக்கனாகிவிடும்!

இப்படியொரு பங்கசைப் புதிய இனமென்று அறிவிக்க என்ன வேண்டும்? புள்ளியைச் சவர அலகால் மெல்லிய சீவலாக்கி, அயடீன் இட்டு, நுணுக்குக்காட்டியில் வித்திகளின் நீள அகலத்தை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். மூல மாதிரியை ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் வைக்க வேண்டும். விவரணை லத்தீனில் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் 2012இல் நீங்கியது. 2013 முதல், அங்கீகரித்த தளத்தில் பதிவெண் பெறாத பங்கசுப் பெயர் செல்லாது.

இவையெல்லாம் பயிற்சியால் வந்துவிடும். கடினம் வேறிடத்தில். இந்தப் பங்கசுகளில் பல, குறிப்பிட்ட ஒரு பேரின இலைக்கனைத் தவிர வேறெதிலும் வாழா. எனவே வீட்டுக்காரர் யாரென்று தெரியாமல் குடியிருப்பவரை அடையாளம் காண்பது வீண்முயற்சி. ரிவஸ்டன் அமைந்த நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமையானது. ஆனாலும், 2014இல்கூடக் கோதமி வீரகோனாலும் அன்ட்ரே அப்ட்ரூட்டாலும் இலங்கைக்குப் புதிய இலைக்கன் பதிவுகளாக 200க்கும் மேற்பட்டவற்றை ஒரே கட்டுரையில் வெளியிட முடிந்தது. வீட்டுக் கணக்கே இன்னும் முடியவில்லை.

டீ.என்.ஏ. வந்தும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ஒரு புள்ளியைச் சுரண்டினால் விருந்தாளி, விருந்துவழங்கி, அல்கா எல்லாம் கலந்தே வரும்.

புள்ளியே காட்டாமல் உள்ளே வாழும் பங்கசுகளும் உண்டு. இலைக்கனின் மேற்பரப்பைக் கிருமிநீக்கி, துண்டுகளை ஏகார்த் தட்டில் வைத்தால்தான் அவை வெளியே வளரும். களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியானி பரணகமவும் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் லெஸ்லி குணதிலகவும் சகாக்களும் 2007இல் அப்படியொன்றின் வேதிப்பொருள்களை வெளியிட்டார்கள். உஸ்னியா என்ற தாடி இலைக்கனுக்குள் இருந்த பங்கசு அது. இவ்வகைப் பங்கசுகளின் வேதிப்பொருள்கள் பற்றிய முதல் அறிக்கையும் அதுவே. அந்த வேதிப்பொருள்களில் ஒன்றை மாற்றிப் பெற்ற ஒரு சேர்மம், மார்பக, புரஸ்தத்துப் புற்றுநோய்க் கலங்கள் நகர்வதை ஆய்வுக்கூடத்தில் தடுத்தது. அந்தக் கட்டுரையில் பங்கசு 'கோரினெஸ்போரா' என்ற பேரினப் பெயரோடும் ஒரு சேகரிப்பு எண்ணோடும் மட்டுமே நிற்கிறது, இனப்பெயர் இல்லை.