மூளை அலைப்பதிவுத் தலையணி

மூளை அலைப்பதிவுத் தலையணி என்பது மூளையின் மின் செயற்பாட்டைத் தலைத்தோலின் மேலிருந்து பதிவு செய்யும், தலையில் அணியத்தக்க கருவி ஆகும். மருத்துவமனைகளில் ஈஈஜி எனப்படும் சோதனையின் பதிவை ஆய்வகத்துக்கு வெளியிலும் எடுக்க இது உதவுகிறது. வெவ்வேறு அளவும் வடிவமும் கொண்ட தலைகளுக்கு ஒரே கருவியைப் பொருத்துவதே இதன் வடிவமைப்பில் முதன்மையான சிக்கலாகும்.

அடிப்படை

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளை அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரையே இருக்கும். இதயத்தின் ஈசிஜி அலை ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். அதாவது இதைவிடப் பத்து மடங்கேனும் பெரியது. எனவே மின்முனை தோலில் சரியாகப் படியாவிட்டால், கண் இமைப்பு, தாடை அசைவு, 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சல் ஆகியவை மூளை அலையை மறைத்துவிடும்.

மின்முனைகளின் இடம்

1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட 10–20 முறை இன்றும் பின்பற்றப்படுகிறது. இதில் இடங்கள் சென்டிமீட்டரில் அல்லாமல் விழுக்காட்டில் குறிக்கப்படுகின்றன. மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பின்மண்டைப் புடைப்பு வரையுள்ள தூரம் 10, 20, 20, 20, 20, 10 விழுக்காடுகளாகப் பிரிக்கப்படுகிறது. இத்தூரம் ஒருவருக்கு 34 செ.மீ., மற்றொருவருக்கு 38 செ.மீ. என்றால், உச்சி மின்முனை முறையே 17, 19 செ.மீ. தொலைவில் அமைய வேண்டும். நீளாத சட்டகம் இங்கு 2 செ.மீ. பிழையைத் தரும்.

வடிவமைப்பு வகைகள்

* மீள்துணித் தொப்பி: தலைக்கேற்பச் சீராக விரிவதால் விழுக்காட்டு இடைவெளிகள் பெருமளவு காக்கப்படுகின்றன. பல அளவுகளில் தொப்பிகள் தேவை; பசை இட நேரம் பிடிக்கும்.
* வளையும் கைகள்: எமோட்டிவ் எப்பாக் கருவியில் 14 மின்முனைகள் நெகிழி கைகளின் முனையில் உள்ளன. உப்புநீரில் நனைத்த பஞ்சு தோலைத் தொடுகிறது. விரைவில் அணியலாம், ஆனால் பஞ்சு உலர்ந்தால் பதிவு கெடும். தலையின் நடுக்கோட்டில் மின்முனை இல்லை.
* திருகுச் சட்டகம்: ஓப்பன்பிசிஐ நிறுவனத்தின் அல்ட்ராகார்டெக்ஸ் முப்பரிமாண அச்சில் உருவாக்கப்படுவது, வடிவமைப்புக் கோப்புகள் திறந்தவை. சுருள்வில் பொருத்திய உலர் மின்முனைகளைத் திருகி உள்ளே தள்ளலாம். அழுத்தம் கூடினால் நெடுநேரம் அணிய வலிக்கும்.

தலைமுடி

அடர்ந்த முடியும் எண்ணெய்ப் பூச்சும் மின்முனைக்கும் தோலுக்கும் இடையே தடையாகின்றன. அதனால் பதிவுக்கு முன் தலையை அலசி எண்ணெய் இன்றி வரச் சொல்வர். சுருண்ட அடர்முடியினருக்கு வழக்கமான தொப்பி பொருந்தாததால், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் குழு 2020-இல், முடியை வரிசையாகப் பின்னி, பின்னல்களுக்கு இடையே செருகும் மின்முனைகளை அறிமுகப்படுத்தியது. கருவி சிலருக்கு மட்டுமே பொருந்தினால், ஆய்வு முடிவுகளும் அவர்களைப் பற்றியதாக மட்டுமே அமைந்துவிடும்.

தமிழ்நாட்டில் பயன்பாடு

தாரா தியாகராஜன் நிறுவிய சேப்பியன் லேப்ஸ் அமைப்பின் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டின் சிற்றூர்கள் முதல் நகரங்கள் வரை எப்பாக் கருவியை எடுத்துச் சென்று பதிவு செய்தனர். 402 பேரின் பதிவுகளைக் கொண்ட ஆய்வுக்கட்டுரை 2021-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியானது. வருமானம், கல்வி, பயணம், கைபேசிப் பயன்பாடு போன்றவற்றுக்கும் மூளை அலைகளின் பண்புகளுக்கும் தொடர்பு இருப்பதாக அது கூறியது. பெருநகர ஆய்வகத்துக்கு வர இயலாதவர்களும் இதனால் ஆய்வில் இடம்பெற்றனர். நாமக்கல் மாவட்டக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து அடைய வேண்டிய கொல்லிமலை போன்ற பகுதிகளுக்கும், பையில் அடங்கும் இத்தகைய கருவியே ஏற்றது.

வரம்புகள்

குறைந்த மின்முனைகள் கொண்ட தலையணிகள் ஆய்வுக்கும் கற்றலுக்கும் உதவும். வலிப்பு நோய் போன்றவற்றைக் கண்டறிய, முழு 10–20 அமைப்பில் மருத்துவமனையில் எடுக்கப்படும் பதிவும் நரம்பியல் மருத்துவரின் மதிப்பீடும் தேவை.