வெள்ளிக் கடிகாரம்: எடைக்கு முன் நிலையைப் பாருங்கள்

மும்பையில் நாங்கள் பணியாற்றிய கிளையொன்றில், ஓர் அண்ணனும் தங்கையும் பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறந்து, தம் பாட்டனாரின் வெள்ளிக் கடிகாரத்தை எடுத்து வந்தனர். சங்கிலியுடன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வகை அது. கூடு கறுத்திருந்தது, முட்கள் நின்றிருந்தன. அதற்கு மெருகேற்றி, வெள்ளியின் எடைக்கு விற்று, தொகையைப் பகிர்ந்துகொள்வது அவர்களின் எண்ணம். மதிப்பிடுவது எங்கள் பணியன்று. ஆயினும், பழைய கடிகாரங்களை அறிந்த ஒருவரிடம் முதலில் காட்டுமாறு கேட்டுக்கொண்டோம்.

இத்தகைய கடிகாரத்தில் கூடு மட்டுமே வெள்ளி; உள்ளே இயங்கும் பகுதிகள் பெரும்பாலும் பித்தளையும் எஃகும். ஆகவே எடையைக் காட்டிலும் நிலையே மதிப்பைத் தீர்மானிக்கிறது. முதலில் கூட்டின் உட்புற முத்திரையைப் பார்க்க வேண்டும். நடக்கும் சிங்கத்தின் உருவம் இங்கிலாந்தின் முத்திரை. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பது அதன் பொருள். நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதிக்கப்பட்டது. உடனுள்ள எழுத்து ஆண்டைக் குறிக்கும். சுவிட்சர்லாந்துக் கூடுகளில் 0.800, 0.935 போன்ற எண்களைக் காணலாம்.

கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் படியும் மெல்லிய படலம் அது. அழுத்தித் தேய்த்தால் படலத்துடன் வெள்ளியும் குறையும். முத்திரையும் பொறிப்பும் மங்கும். எனாமல் முகப்பைச் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை விரிசல்கள் தெரியும். பல ஆண்டுகள் நின்றிருந்த கடிகாரத்துக்கு உடனே சாவி கொடுக்கலாகாது. எண்ணெய் உலர்ந்த நிலையில் ஓடினால் அச்சு முனைகள் தேயும். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் வெள்ளியை மேலும் கறுக்கச் செய்யும். தூய பருத்தித் துணியே ஏற்றது.

வாடிக்கையாளர்கள் மேலும் இரண்டை நினைவில் கொள்ளுதல் நன்று. நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. பெட்டகத்தில் வைக்கும் பொருள்களின் பட்டியல் வங்கியிடம் இராது. ஆதலால் ஒளிப்படங்களையும் மதிப்பீட்டுச் சான்றையும் தாங்களே வேறிடத்தில் பாதுகாத்தல் வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் இருவரும் மீண்டும் வந்தனர். பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்தபோது, பாட்டனார் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் உடன் பணியாற்றியோர் பொறித்துத் தந்த எழுத்துகள் தெரிந்தனவாம். முன்பே எவரோ தேய்த்ததில் அவை பாதி மங்கியிருந்தன. இன்னொரு மெருகில் பெயரே மறைந்திருக்கும். விற்பனைப் பேச்சு அத்துடன் நின்றது. அண்ணன் பெயரில் மட்டும் இருந்த பெட்டகத்தைத் தங்கையின் பெயரையும் சேர்த்துக் கூட்டாக மாற்றித் தருமாறு விண்ணப்பித்தனர். கடிகாரம் கறுப்பு மாறாமலே உள்ளே சென்றது.