மாளிகைமேடும் சோழகங்க ஏரியும்

அரியலூர் ஜில்லா உடையார்பாளையம் தாலுகாவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைச் சேவிக்க வருவோர் அநேகர். அங்கிருந்து தென்மேற்கே ஒரு மைல் அளவிலுள்ள மாளிகைமேட்டுக்குப் போவோர் சிலரே. போனவர்களும், இடிந்த செங்கற்சுவரைத் தவிர வேறொன்றுமில்லை என்று திரும்பிவிடுவதுண்டு. அந்தச் செங்கற்சுவரே முதலாம் இராஜேந்திர சோழனுடைய அரண்மனையின் மிச்சமாகும். சுமார் 1025-ஆம் வருஷம் முதல் 1279 வரையில், ஏறக்குறைய 250 வருஷ காலம், சோழ ராஜ்யம் இவ்வூரிலிருந்து ஆளப்பட்டு வந்தது.

கோயில் கருங்கல்லால் அமைந்தமையின் நிலைத்தது. 2004-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தாரின் உலகப் பாரம்பரியச் சின்னங்களிலும் சேர்ந்தது. மாளிகையோ செங்கல்லும் மரமும் ஓடுங் கொண்டு கட்டப்பட்டது. 1980 முதல் ராஜ்யத் தொல்லியல் இலாகாவினர் பல தடவைகளில் அகழ்ந்து பார்த்ததில், கனத்த செங்கற்சுவர்களும், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஓடும் ஆணியும் அற்பப் பொருள்களே எனினும், கூரை எவ்விதம் வேயப்பட்டிருந்தது என்பதற்கு அவற்றைவிட வேறு சாட்சியில்லை.

மாளிகை அழிந்தமைக்குப் பகைவரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. வீடு கட்டுவதற்குப் பழஞ்செங்கல்லைத் தோண்டி எடுத்தவர்கள் சுற்றுக் கிராமத்தாரே. பாழ்நத்தத்து மண்ணை வண்டியிலேற்றி வயலுக்கு எருவாக அடிக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் நெடுநாளாக உண்டு. அம்மண்ணில் சத்து இருப்பது மெய்யே. ஆனால் அச்சத்தைத் தொழுவுரத்தாலும் மக்கிய குப்பையாலும் பெறலாம். வண்டியேறிப்போன சரித்திரத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

சர்க்காரும் இதில் தவறியதுண்டு. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் வெளிமதிற் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஊரார் தடுத்துப் பார்த்தும் பயனில்லை. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை. அவ்வணையினால் வீராணத்து ஏரிக்கும் அதன் கீழுள்ள வயல்களுக்கும் தண்ணீர் பாய்வது நன்மையே. எனினும் கல்லுக்கு வேறு இடமா இல்லை?

அரண்மனையைக் காட்டிலும் குடியானவர்கள் அதிகம் கவனிக்கத்தக்கது சோழகங்கம் என்னும் ஏரி. இக்காலத்தில் இது பொன்னேரி என வழங்குகிறது. கங்கை நீர் கொணர்ந்த வெற்றிக்கு அறிகுறியாக இராஜேந்திரன் வெட்டுவித்த இவ்வேரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் நீர்மயமான வெற்றித் தூண் என்று கூறுகின்றன. கல்லால் நாட்டாமல் தண்ணீரால் வெற்றித் தூண் நாட்டிய அரசன் உழவர் நிலையை அறிந்தவனே. இதன் கரை தெற்கு வடக்காக 16 மைல் நீண்டிருந்ததாகவும், கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வாய்க்கால்கள் வந்ததாகவும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் குறிப்புகள் தெரிவிக்கின்றன. கரை உடைந்து வாய்க்கால் தூர்ந்தபின், நீர் நின்ற நிலத்தில் காடு மூடியது. இதன் சீரமைப்புக்காக 12 கோடி ரூபாய் செலவிடப்படும் என்று ராஜ்ய சர்க்கார் 2025 ஜூலையில் அறிவித்தனர். வரத்து வாய்க்கால்களின் எல்லைகளைப் புலப்படத்துடன் ஒப்பிட்டு ஆக்கிரமிப்புகளை நீக்கினாலன்றி, கரையை மட்டும் உயர்த்துவதனால் ஏரி நிரம்பாது.

ஜயங்கொண்டம், உட்கோட்டைப் பக்கங்களில் முந்திரிக்குக் குழியெடுக்கும்போதும், கிணறு வெட்டும்போதும், மேட்டு நிலத்தைச் சமப்படுத்தும்போதும் பழஞ்சுவர் தென்படின், வேலையை அவ்விடத்தில் நிறுத்தி, செங்கல்லைப் பெயர்க்காமல் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்தல் வேண்டும். நிலம் பறிபோய்விடும் என்ற அச்சத்தால் பலர் மூடிவிடுகின்றனர். பொன்னோ காசோ புதையலாகக் கிடைத்தால், 1878-ஆம் வருஷத்துப் புதையற் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிப்பது கடமையாகும். உரியவர் இல்லையென்று தீர்மானமாகி, வேறு உடன்படிக்கையும் இல்லாதவிடத்து, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலச் சொந்தக்காரருக்குக் கால் பங்கும் சேரும். சர்க்கார் அதை எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு அதிகமாகச் சேர்த்துக் கொடுப்பர். மறைத்தவருக்கோ பங்குமில்லை, தண்டனையும் உண்டு. மனுவில் சர்வே எண், கண்ட தேதி, ஆழம் மூன்றையும் தவறாமல் குறித்தல் வேண்டும்.