சோம்பலா, வியாதியா?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தலைமதகு பழுதாகி வடகால் வறண்டால், தாமிரபரணியை எவரும் வைவதில்லை. ஆற்றில் நீர் உண்டு. அதை வேண்டிய வழியில் திருப்பும் கருவிதான் கெட்டது. வயது வந்தும் கைபேசி விளையாட்டில் இராப்பகலாக மூழ்கிக் கிடக்கும் நம் வாலிபர்களில் சிலருடைய மனமும் இத்தகையதே. அவர்களுக்கோ நாம் வழங்குவது வசவு ஒன்றுதான்.

“வேலையில் ஐந்து நிமிஷம் புத்தி நிலைக்காது, விளையாட்டில் மட்டும் ஆறு மணி நேரம் நிலைக்குமோ?” என்று பெரியோர் ஏளனம் செய்கின்றனர். இந்த முரண்பாடே ஒரு வியாதியின் அடையாளமாக இருக்கக்கூடும். ஏ.டி.ஹெச்.டி. என்று வைத்தியர்கள் குறிப்பது கவனமே அற்ற நிலை அன்று. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும், வேண்டாத இடத்திலிருந்து மீட்கவும் இயலாத நிலை. நாளை பலன் தரும் காரியத்தில் அம்மனம் ஊன்றாது. விளையாட்டோ கணந்தோறும் வெற்றியும் பரிசும் காட்டி இழுக்கிறது. விளையாடுகையில் மூளையில் டோபமின் என்னும் ரசாயனப் பொருள் சுரப்பதை 1998-ல் லண்டன் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர்.

இவ்வியாதி பிள்ளைப் பருவத்தோடு நீங்கிவிடும் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். வயது வந்தோரிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு என்பது இன்றைய மதிப்பு. அடங்காத விளையாட்டுப் பழக்கத்தையும் 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள நோய்ப் பட்டியலில் உலக சுகாதார ஸ்தாபனம் சேர்த்திருக்கிறது. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது அதிகம் என்பது பல தேசத்து ஆராய்ச்சிகளின் முடிவு. எது காரணம், எது காரியம் என்பது ஒரே விடையில் அடங்காது. எனினும் ஏ.டி.ஹெச்.டி. என்று தீர்மானிக்க, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். ஆகையால் விளையாடுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். சோம்பலுக்கு இது நற்சாட்சிப் பத்திரமும் அன்று.

சட்டம் என்ன செய்தது? ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றிற்று. பணம் வைத்தாடும் விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நிறுத்தும் விதியைச் சென்னை ஹைக்கோர்ட் 2025 ஜூனில் ஊர்ஜிதம் செய்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் பார்லிமெண்டு பண விளையாட்டுக்களைத் தேசமெங்கும் தடுத்துச் சட்டம் செய்தது. குடும்பங்களைக் கடனில் மூழ்கடித்த கொடுமைக்கு இவை தக்க பதிலே. ஆயினும் பணம் வையாத விளையாட்டு தடைப்படவில்லை. அதில் பணம் போகாது. உத்தியோகமும் உறக்கமும் ஆயுளும் போகும். சட்டம் கடையை மூடலாம், மனத்தைச் சொஸ்தப்படுத்தாது.

பரிகாரம் இல்லாமலில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2014-லேயே இத்தகைய பழக்கங்களுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவைத் திறந்தது. தென் கொரியாவில் 62 சிறுவர்களுக்கு எட்டு வாரம் ஏ.டி.ஹெச்.டி. மருந்து கொடுத்ததில் அவர்கள் இன்டர்நெட்டில் கழித்த நேரம் குறைந்ததாக 2009-ல் வெளியிட்டனர். சிறிய சோதனைதான், எனினும் மூலத்தைக் கவனித்தால் பழக்கமும் தளரக்கூடும் என்பதற்கு அது ஒரு குறி. வயது வந்தோருக்கும் மருந்தும் மனப்பயிற்சியும் உண்டு.

மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. விளையாட்டுப் பழக்கத்துக்காக வருகிறவரிடம் பள்ளிப் பருவத்து வரலாற்றையும் விசாரித்து, ஏ.டி.ஹெச்.டி. உண்டா என்று சோதிப்பதை மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக்க வேண்டுமென்று சர்க்காரைக் கேட்கிறோம். வாலிபரைத் திருத்த மேடையேறும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை: தேசத்துக்கு வேண்டிய கைகள் அவை, கைவிடத் தக்கவை அல்ல. கண்டனத்தைக் குறையுங்கள். வீட்டாரிடம் டெலி மானஸ் எண் 14416-ஐச் சொல்லுங்கள்; வைத்தியரிடம் உடன் செல்லுங்கள். அதுவே இப்போது செய்யத் தக்க தொண்டு.