ஏற்றுவாளியில் சங்கிலிக் கொக்கிகள்

டிராக்டரின் முன்புற ஏற்றுவாளி மண்ணும் எருவும் அள்ளுவதற்கென அமைந்தது. அதில் இரு கொக்கிகளைப் பற்றவைத்தால் மரத்துண்டு, குழாய் முதலியவற்றையும் சங்கிலியாற் கட்டித் தூக்கலாம்.

கொக்கி அமையும் இடமே அதன் வலிமையை முடிவு செய்கிறது. வாளியின் மேல்விளிம்பில் நடுப்பகுதி எளிதில் வளையும். பக்கத் தகடுகளை ஒட்டிய இரு முனைகளே உறுதியானவை. அவ்விடத்து வண்ணப்பூச்சையும் துருவையும் நீக்கி, தடித்த எஃகுத் தகடொன்றைப் பற்றவைத்து, அதன்மேல் கொக்கியைப் பொருத்துதல் வேண்டும். பற்றவைப்பதற்கென்றே செய்த கொக்கியையே கொள்க. வெப்பத்தாற் பதப்படுத்திய ஏனைய கொக்கிகள் அச்சூட்டில் வலிமை குன்றிவிடும்.

தொங்கும் பாரம் முன்சக்கரங்களுக்கு அப்பால் இருப்பதால் பின்சக்கரங்களின் மீதுள்ள எடை குறைகிறது. உயர்த்திய பாரத்துடன் திரும்பினால் வண்டி கவிழக்கூடும். ஆதலின் பின்புறம் எதிர்ப்பாரம் பொருத்தி, சுமையைத் தரையை ஒட்டியே வைத்து, மெல்லச் செலுத்துக. பாரத்தின் கீழ் எவரும் நிற்றலாகாது.